சிமுலேட்டர் பயிற்சியில் இடையில் நிறுத்தித் திருத்துவதா, முடியவிட்டுப் பேசுவதா?

அளம்பில் கடலோடி:
எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் கப்பல் அதிகாரிக் கற்கைநெறிக்குப் போவதால் இதை எழுதுகிறேன். கப்பலைச் செலுத்தும் மேடையைப் போலவே அமைத்த பிரிட்ஜ் சிமுலேட்டரில் பயிலுநர் பிழையான பக்கம் திரும்பியதும் பயிற்றுநர் திரையை நிறுத்தித் திருத்துவதை நான் ஏற்கவில்லை. மோதல் வரைக்கும் போகவிட்டு, பிறகு பதிவை மீள ஓட்டி, எந்த நிமிடத்தில் எதைக் கவனித்தார், எதைத் தவறவிட்டார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். கடலோடிகளின் பயிற்சிக்கான சர்வதேச விதித்தொகுப்பான எஸ்.ரி.சி.டபிள்யூ. கோவையின் ஏ-ஐ/12 பிரிவும் பயிற்சிக்கு முன்விளக்கமும் முடிவில் நடந்ததை மீளப் பார்த்துப் பேசும் பின்னாய்வும் வேண்டும் என்றே சொல்கிறது.

வவுனிக்குளத்தான்:
அண்ணா, அடிப்படையே பிடிபடாத பிள்ளை பின்னாய்வில் எதைச் சொல்லும்? ராடர் திரையில் ஓர் எதிரொலி, அதாவது மற்றக் கப்பலைக் காட்டும் புள்ளி, 6 நிமிடத்தில் 1 கடல் மைல் நகர்ந்தால் நம் கப்பலோடு ஒப்பிட்ட அதன் சார்பு வேகம் 10 நொட் (மணிக்கு 10 கடல் மைல்) என்பதைக் காகிதத்தில் கோடு போட்டுப் பார்க்காதவர், ராடர் புள்ளிகளின் போக்கைத் தானே கணக்கிடும் ஆர்பா கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடுவார். பிழை ஊறிப்போவதற்கு முன்பே நிறுத்தித் திருத்துவதுதான் ஆசிரியரின் கடமை.

அளம்பில் கடலோடி:
கருவியைக் கையாளப் பழக்கும் முதல் நாட்களுக்கு அது பொருந்தும், தம்பி. தீர்மானம் எடுக்கப் பழக்குவது வேறு. 1956 ஜூலை 25 இரவு மோதிக்கொண்ட அந்திரியா டோரியா, ஸ்டொக்ஹோம் ஆகிய இரு கப்பல்களும் ஒன்றையொன்று ராடரில் முன்கூட்டியே கண்டிருந்தன. ஆனால் எந்தப் பக்கமாகக் கடக்கப்போகிறோம் என்பதை ஒவ்வொன்றும் வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் திரும்பின. யாரோ நிறுத்துவார் என்று தெரிந்த பயிலுநர் இப்படிப்பட்ட ஐயத்தைத் தானே தீர்க்க முயல மாட்டார். நிறுத்தும் குரலுக்காகவே காத்திருப்பார்.

கொக்கிளாய் மகள்:
பயிற்சிக்குள் எதை வைக்கிறோம் என்பதையும் இருவரும் பார்க்க வேண்டும். எங்கள் கரையிலிருந்து இரவில் தொழிலுக்குப் போகும் பைபர் படகின் எதிரொலி மிகவும் மெலிந்தது. கடல் அலைகளால் ராடர் திரையில் தோன்றும் இரைச்சலைக் குறைக்கும் குமிழைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினால், திரையில் அலைப் புள்ளிகளோடு படகும் அழிந்துவிடும். திரை துப்புரவாகிவிட்டது என்று பயிலுநர் நிம்மதியடைவார். மோதல் தவிர்ப்பு விதிகளில் 5ஆம் விதி கண்ணாலும் காதாலும் காவல் இருக்கச் சொல்வது இதனால்தான். அந்தப் படகு எங்கே நின்றது என்பதைப் பயிற்றுநரின் திரையில் மீள ஓட்டிக் காட்டும்போதுதான் பயிலுநருக்குத் தன் கை செய்த வேலை தெரியும். ஆகவே நான் அண்ணாவின் பக்கம்.

வவுனிக்குளத்தான்:
படகு விடயத்தை ஏற்கிறேன், அக்கா. ஆனால் அந்த மீளோட்டத்துக்குப் பயிற்சி நடந்த அளவு நேரமாவது ஒதுக்கப்பட வேண்டும். அடுத்த குழு வாசலில் நிற்க, அவசரமாக முடிக்கப்படும் பின்னாய்வை விட, உரிய இடத்தில் நிறுத்திச் சொல்லும் ஒரு சொல்லே மேல் என்பதில் நான் மாறவில்லை.