தோட்டக்கதை நாவலை வாசகர் கையில் கொடுத்தபோது நடந்தவை

மண்வெட்டி:
தோட்டக்கதை நாவலோடு விதையும் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு, ஒரு முதல் நாவலுக்கு நடந்தது இது. வெளியீட்டன்று ஒவ்வொரு பிரதிக்குள்ளும் தக்காளி விதைப் பொட்டலம் ஒன்று. மூன்று வாரம் கழித்து ஒரு வாசகி வந்து காலிப் பொட்டலத்தை நீட்டினார்: "கதையில அந்தப் பாட்டி தொட்டதெல்லாம் முளைக்குது. இதுல ஒண்ணுகூட முளைக்கலையே." நாவலைப் பற்றி வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. விசாரித்தால், விதையை உள்ளே வைத்த பிறகுதான் புத்தகத்தைச் சூடு காட்டி பிளாஸ்டிக் உறையில் அடைத்திருக்கிறார்கள். அப்புறம் வெயிலில் நின்ற வண்டியில் ஒரு பகல். விதை பிழைக்குமா? பொட்டலம் தனியாக இருக்கட்டும், புத்தகத்தைக் கொடுக்கும்போது கையில் கொடுங்கள்.

கொத்தமல்லி:
பிளாஸ்டிக்கை மட்டும் குறை சொல்லாதீர்கள். நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாமல் வைப்பதுதான் முறை. ஈரத்தோடு அடைத்து, சூட்டிலும் வைத்ததுதான் தப்பு. முன்னதாகச் சோதித்தார்களா என்று சொல்லவே இல்லையே? ஈரத்துணியில் பத்து விதையைச் சுருட்டி வையுங்கள், பத்து நாளில் எண்ணுங்கள். ஏழுக்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம். வெங்காய விதை ஓராண்டிலேயே வலுவிழக்கும், தக்காளி நான்காண்டு வரை தாங்கும். விதைப் பொட்டலத்தின் மேல் நாவலின் பெயர் மட்டும் போதாது. ரகம், விதை எடுத்த மாதம், ஊன்றும் ஆழம் (விதையின் பருமனைப் போல இரண்டு, மூன்று மடங்கு), முளைக்க ஆகும் நாள் எல்லாம் வேண்டும். வெளிநாட்டு வாசகருக்கு அஞ்சலில் விதை அனுப்பவே வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாத விதையைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை.

பூசணிக்கொடி:
விதையை விடுங்கள், வரியைப் பாருங்கள். செடிக் கண்காட்சியில் மாதிரி அத்தியாயத்தை 16 பக்கச் சிறு நூலாக வைத்திருந்த மேசை. ஒரு பெரியவர் நின்றபடியே ஐந்து பக்கம் படித்தார். ஆறாவதில் ஒரு வரிமேல் விரலை வைத்தார். "பூசணியில மொதல் பூவே காயாச்சா?" நூலை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. பூசணியில் வழக்கமாக முதலில் வருவது ஆண்பூ, அது உதிர்ந்துவிடும். அடியில் குட்டிக் காயோடு வரும் பெண்பூ பிறகுதான். அதுவும் காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும், அதற்குள் தேனீ வரவேண்டும். தோட்டக்காரர்கள் கூடுமிடத்தில் நாவலை வைக்குமுன், கதை வாசிக்காத தோட்டக்காரர் இருவரிடம் செடி வரும் பக்கங்களை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

வேலிப்பருத்தி:
பூசணிக்கொடி சொல்வது நியாயம்தான், ஆனால் மேசை வரை வருகிறவர்கள் சிலர். இணையத்தில் நடப்பது வேறு. ஒரு தோட்ட நாவலுக்கு வந்த ஒற்றை நட்சத்திர மதிப்புரை: "உரம் எப்படிப் போடுவது என்று கடைசிவரை சொல்லவில்லை." கையேடு என்று நினைத்து வாங்கியிருக்கிறார், பாவம். அட்டையில் பூவாளியும் செடியும் மட்டும். 'நாவல்' என்ற சொல் கடுகளவு.

அட்டைப் படத்தைக் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பும் 'நாவல்' என்பதும் அப்போதும் தெரிய வேண்டும். ஒரு மனித உருவம் இருந்தால் கதை என்று உடனே புரியும். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நூல் எந்த வகை என்று காட்ட மூன்று பகுப்புகள், ஏழு தேடுசொற்கள் தருகிறார்கள். மூன்று பகுப்பும் புனைவிலேயே இருக்கட்டும், 'தோட்டம்' தேடுசொல்லில் வரட்டும். இலவச மாதிரி ஏறத்தாழ முதல் பத்து சதவீதம். 150 பக்க நாவலில் அணிந்துரை, என்னுரை, நன்றி சேர்ந்து 12 பக்கம் என்றால் கதைக்கு மிஞ்சுவது மூன்றே பக்கம். அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மின்னூலை 90 நாள் கிண்டிலில் மட்டுமே வெளியிடும் திட்டத்தில் (KDP Select) சேர்ந்தால் இலவசமாகக் கொடுக்க ஐந்து நாள் கிடைக்கும். ஐந்தையும் வெளியீட்டு வாரத்திலேயே கரைக்காதீர்கள், விதைப்புப் பருவத்துக்கு இரண்டு நாளாவது மிச்சம் வையுங்கள்.

கொத்தமல்லி:
@பூசணிக்கொடி அந்த வரியைத் திருத்தினார்களா?

பூசணிக்கொடி:
மின்னூலில் அன்றிரவே. அச்சான பிரதிகளில் திருத்தச் சீட்டு வைத்தார்கள்.