ஈற்றைக் காட்டில் பார்த்த பச்சைத் தவளை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

செங்கோட்டையிலிருந்து:
புளியரைத் தம்பி இங்கே போட்ட பச்சைத் தவளைப் படத்தை, உயிரினப் பெயர் காட்டும் செயலி ‘ஹைபரோலியஸ்’ என்று காட்டியதாம். அது ஆப்பிரிக்க நாணல் தவளை. அந்தக் குடும்பம் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், செஷல்ஸ் தீவுகளோடு சரி. நம் மலையில் அதற்கு இடமே இல்லை தம்பி. ஆனால் குழப்பம் வருவது இயல்பு. அதுவும் நம் பச்சைத் தவளையைப் போலச் சிறியது, வழவழப்பானது, நாணலில் ஒட்டியிருப்பது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அகத்தியமலைச் சரிவில், கேரள எல்லையை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் வேலை பார்க்கிறார். கீழே ஓடைக்கரை முழுவதும் ஈற்றை, அதாவது நாணல் போன்ற மெல்லிய மூங்கில். மழை விட்ட ஓர் இரவில் ஒரு கழியைக் காட்டினார். கணுவுக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நுழையாத கீறல். பூச்சியோ எலியோ குடைந்தது. அந்தக் கீறலில் முதலில் தவளையின் மூக்கு தெரிந்தது. பிறகு உடம்பைப் பக்கவாட்டில் நெளித்து நெளித்து வெளியே வந்தது. இலைப்பச்சை முதுகில் ரவையைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள். கறுத்த கண்ணில் பொன்னிறத் திட்டுகள். காலை நீட்டியபோது தொடையில் சாம்பல் கலந்த நீலம். எனக்குப் பேச்சே வரவில்லை.

ராவோர்செஸ்டஸ் சலசோடெஸ் என்பது அதன் பெயர். 1876இல் விவரிக்கப்பட்டு, பிறகு 130 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், மறுபடி கிடைத்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. ஈற்றையின் உட்குழலில்தான் முட்டையிடும். ஆண்தான் காவல். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வரும். ஆப்பிரிக்க நாணல் தவளைகளுக்கோ தலைப்பிரட்டை உண்டு, அது வளரத் தண்ணீர் வேண்டும். படத்தைவிட இந்த வேறுபாடுதான் உறுதியான அடையாளம்.

சுல்தான் பத்தேரியிலிருந்து:
அக்கா, ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈற்றைக்குள் முட்டையிடுவது அந்த ஒரு இனம் மட்டுமல்ல. எங்கள் பக்கத்துக் கக்கயம் காட்டிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட ராவோர்செஸ்டஸ் ஆக்லாண்ட்ரேயும் அப்படித்தான். அதனால் இடம், உயரம், கூவும் ஒலிப்பதிவு மூன்றும் இல்லாமல் நான் பெயர் சொல்வதில்லை.

புளியரையிலிருந்து:
நன்றி அக்கா. கழியைப் பிளந்து உள்ளே முட்டை இருக்கிறதா என்று பார்க்கலாமா?

செங்கோட்டையிலிருந்து:
வேண்டவே வேண்டாம் தம்பி! பிளந்த குழலில் ஈரம் நிற்காது, முட்டை காய்ந்து போகும். காகிதக் கூழுக்காக ஈற்றையை வெட்டுவதே இவற்றுக்குப் பெரிய அச்சுறுத்தல். நாமும் வெட்டக் கூடாது. இருட்டிய பிறகு கீறலருகே அசையாமல் நின்றால் அதுவே வெளியே வரும். டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணும் தொடையும் தெரியும்படி ஒரு படம் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.