ரத்தத்துல மந்திரம் இருந்தாதான் உள்ள விடுவாங்களா?

கறார்வாசகன்:
இந்த டீன் ஃபேன்டஸி நாவல் எதை எடுத்தாலும் ஒரே கதைதாங்க. எங்கயும் ஒட்டாத ஒரு பொண்ணு, நிறத்த சொல்லி ஒதுக்குறாங்க, திடீர்னு யாரோ வந்து உன் ரத்தத்துல மந்திரம் ஓடுதும்மான்னு சொல்லி ரகசிய உலகத்துக்கு கூட்டிட்டு போயிடறாங்க. ரத்தத்த பாத்து ஒதுக்கினா தப்பு, அதே ரத்தத்த காட்டி உள்ள போனா சரியா? மந்திரம் இல்லாத பொண்ணு எங்க போவா?

பக்கம்புரட்டி:
ஹாரி பாட்டரோட நிறுத்திட்டீங்க போல 😀 நெடி ஒகொராஃபோரோட அகாடா விட்ச் (2011) படிங்க. சன்னி நியூயார்க்ல பொறந்து நைஜீரியாவுல வளர்ற 12 வயசு பொண்ணு, அல்பினிசம் வேற, அதாவது பொறவிலேயே தோல்ல நிறமி கம்மி, வெயில் ஒத்துக்காது. கூட படிக்கறவங்களே அவள அகாடான்னு திட்றாங்க, அது அமெரிக்க கறுப்பர்கள மட்டம் தட்டற வார்த்தை. கறுப்பர்களுக்குள்ளயே நடக்கற ஒதுக்கல் அது, வெள்ளைக்கார வில்லன் தேவைப்படல. அப்புறம் கதைல மந்திர சக்தி உள்ளவங்களுக்கு லெப்பர்ட் மக்கள்னு பேர், அவங்க உலகத்துல சிட்டிம்னு ஒரு காசு, புதுசா ஒண்ண கத்துக்கிட்டா மேலேர்ந்து பொத்துனு விழும். அப்பன் சொத்தா வராது.

கறார்வாசகன்:
காசு விஷயம் சூப்பர், ஒத்துக்கறேன். ஆனா சன்னியோட பாட்டியும் லெப்பர்ட்தானே, மறுபடி ரத்தம்தான். அதவிட உறுத்துனது, வெயில்ல நிக்க முடியாத பொண்ணு அந்த மந்திர உலகத்துல தீட்சை வாங்கினதுக்கு அப்புறம் வெயில்லயே ஃபுட்பால் ஆடுறா. அப்ப அல்பினிசத்தோட வாழ்றவளுக்கு கதைல என்ன இருக்கு? தான்சானியா, மலாவியில அல்பினிசம் இருக்கறவங்க உடம்புல மந்திர சக்தி இருக்குன்னு நம்பி ஆளையே கொல்றாங்க. இது வெறும் கற்பனைன்னு தள்ளிட முடியாது.

மழைக்காலபூனை:
வெயில் மேட்டர்ல கறார் சொல்றதுதான் சரி, எனக்கும் அங்க சப்புனு ஆயிடுச்சு. ஆனா ரத்தம்னா லெஜன்ட்பார்ன் (2020) நாவல பத்தி பேசணும். ஸ்பாய்லர் வருது, படிக்காதவங்க தாண்டி போயிடுங்க. பிரிட்டன் புராணக்கதைல வர்ற ஆர்தர் ராஜா கூட்டத்தோட வாரிசுங்க ஒரு யுனிவர்சிட்டிக்குள்ள ரகசியமா இயங்குறாங்க, நூத்தாண்டு கணக்கா மூதாதையர் பேர அடுக்குறாங்க. கறுப்பின பொண்ணு ப்ரீயால தன் வம்சத்த அடிமை காலத்துக்கு அப்பால தேடவே முடியல. கடைசியில பாத்தா அவளே ஆர்தர் வாரிசு, எப்படின்னா அவ மூதாதைய அடிமையா வெச்சிருந்தவன் பண்ண வன்கொடுமையால. இங்க ரத்தம் பெருமையில்ல, குற்றத்துக்கு சாட்சி.

கறார்வாசகன்:
அட. அது பலமான இடம்தான். இருந்தாலும் கடைசியில சிம்மாசனம் அவளுக்குத்தான வருது, எனக்கு யாருக்குமே வாரிசா இல்லாத ஒருத்தி கதை வேணும்.

பக்கம்புரட்டி:
வருதுன்னு யார் சொன்னா? ரெண்டாவது பாகம் ப்ளட்மார்க்ட்ல (2022) அந்த ரகசிய கூட்டத்து பெரியவங்க அவள ராஜாவா ஏத்துக்காம புடிச்சு அடைச்சு வெக்கறாங்க. வம்சம் வம்சம்னு கத்தினவங்களேதான்.

கறார்வாசகன்:
சரி சரி, படிச்சிட்டு வரேன். மொக்கையா இருந்தா உங்களத்தான் புடிப்பேன்.