முதுநிலைப் பயனர் அனுபவப் படிப்பில் வடிவமைப்புச் சிந்தனை எல்லாப் பாடங்களுக்கும் பொருந்துமா?

கேள்வி:
வணக்கம். பயனர் அனுபவ வடிவமைப்பில் முதுநிலை முதலாண்டு படிக்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புக் கல்விக்கூடமான டி.ஸ்கூல் வழியே பரவிய பரிவு, வரையறை, யோசனை, முன்மாதிரி, சோதனை என்ற வடிவமைப்புச் சிந்தனையின் ஐந்து படிகளை ஸ்டூடியோ பாடத்தில் பின்பற்றுகிறோம். புள்ளியியல், ஆய்வேடு ஆகியவற்றிலும் அவற்றைப் பயன்படுத்த முடியுமா?

பதில் 1:
முடியும், ஆனால் படிகளை வரிசையாக ஒப்பிக்காதீர்கள். மருத்துவமனை டோக்கன் செயலிக்கான ஆய்வுக்காக நான் நேர்காணல் கேள்விகளோடு சென்றிருந்தபோது, ஒரு பாட்டி சீட்டை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை திரையில் எண் மாறும்போதும் அதை அவிழ்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் "என் நம்பரா பாருங்க" என்று நீட்டியதைக் கண்டேன். திரையின் சிறிய எழுத்தே சிக்கல் என்று வரையறுத்திருந்த என் ஆய்வுக் கேள்வி அன்றே மாறி, குரல் அறிவிப்பைப் பற்றியதாயிற்று.

பதில் 2:
உண்மை. சோதனையில் மட்டும் கவனமாக இருங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பயன்பாட்டுக் குறைகளில் சுமார் 85 விழுக்காடு வெளிப்படும் என்று பயன்பாட்டு ஆய்வு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது குறைகளைக் கண்டறிவதற்காகத்தான். இரு வடிவமைப்புகளை எண்களால் ஒப்பிடும் புள்ளியியல் பாடத்தில் அந்த ஐந்து பேர் போதமாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முன்மொழிவை எழுதுவதற்கு முன் இரண்டு நாள் களத்தில் அமர்ந்து பார்க்கிறேன்.