ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடமும் நாங்களும்: அனுபவப் பகிர்வு

சாலிகிராமத்திலிருந்து, திரைப்பட இசைக்குழுக்களில் வயலின் வாசித்தவர்:

ஏ.ஆர். ரஹ்மானைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1992-இல் ‘ரோஜா’வில் தொடங்கி, 2009-இல் இரண்டு ஆஸ்கர் விருதுகளோடு முடித்துவிடுகிறார்கள். கோடம்பாக்கத்தில் வயலினை நம்பிப் பிழைத்த எங்களுக்கு அவர் முதலில் ஆர்.கே. சேகரின் மகன். சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். மற்ற இசையமைப்பாளர்களுக்கு வாத்தியக் கோவை அமைத்து, குழுவை நடத்திக் கொடுத்தவர். 1976-இல் அவர் மறைந்தபோது மகன் திலீப்புக்கு (ரஹ்மானின் அன்றைய பெயர்) ஒன்பது வயது. அப்பா வாங்கி வைத்திருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் காலம் தள்ளியது. சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளையே கீபோர்டு வாசிக்க வந்துவிட்டார். எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜா, தெலுங்கில் ராஜ்-கோட்டி என்று பலரிடம் வாசித்தார்.

அந்தக் காலத்து ஒலிப்பதிவு எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். காலை ஏழு மணிக்குக் கால்ஷீட். கூடம் நிறைய வாத்தியக்காரர்கள். ஸ்டாண்டில் நோட்ஸ் இருக்கும். ஒத்திகை பார்ப்போம், பிறகு டேக். பாடகர் தனி அறைக்குள் நின்றுகொண்டு எங்களோடு சேர்ந்தே பாடுவார். கடைசிச் சரணத்தில் தபேலாக்காரர் ஓர் அடி தவறினால் போதும், அத்தனை பேரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பயத்திலேயே விரல் சுத்தமாக விழும். வீட்டுக்குத் திரும்பும்போது முழுப் பாட்டும் மனப்பாடமாகியிருக்கும்.

ரஹ்மானின் பஞ்சதன் ரெக்கார்ட் இன் இதற்கு நேர்மாறு. வீட்டோடு சேர்ந்த கூடம். விளம்பரங்களுக்கு இசையமைத்து முன்னுக்கு வந்த நாட்களில் அமைத்துக்கொண்டது. பெரும்பாலும் இரவில்தான் வேலை. ஹெட்போனை மாட்டினால் தாளத்தைக் காட்டும் கிளிக் சத்தம், அதன் அடியில் மெல்லிய கீபோர்டு ஒலி, அவ்வளவுதான். யார் பாடப்போகிறார், என்ன வரிகள், எதுவும் எங்களுக்குத் தெரியாது. நான்கு பார், அதாவது நான்கு தாள அளவு, வாசிப்போம். அதையே வில்லின் அழுத்தத்தைக் குறைத்து இன்னொரு முறை. பிறகு ஒரு ஸ்தாயி மேலே. எழுதியதை வாசித்து முடித்ததும், மனதில் தோன்றுவதை வாசிக்கச் சொல்வார்கள், அதுவும் பதிவாகும்.

இது எனக்கு உடனே பிடித்துவிடவில்லை. முழுப் பாட்டும் தெரியாமல் வாசிப்பது எப்படி என்று சக கலைஞர்களிடம் வாதாடியிருக்கிறேன். கேசட் வந்ததும் போட்டுக் கேட்டேன். நாங்கள் சரணத்தின் நடுவே நிரப்பலாக வாசித்தோம் என்று எண்ணியிருந்த ஒரு சிறு துண்டு, பாட்டின் தொடக்கத்திலேயே தனியாக நின்றது. நான் மனம்போல இழுத்த ஒரு கமகம், மூன்றாவது நிமிடத்தில் பாடகரின் குரலுக்குப் பின்னால் ஒரே ஒரு முறை வந்து போனது. மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டு ஒலிப்பதிவுக்கு வந்தார்கள். இவர் ஒலிப்பதிவு செய்து செய்தே எழுதினார். இசையமைப்பாளரும் ஒலித் தயாரிப்பாளரும் ஒரே ஆளாக இருப்பது என்ன என்பதை அன்றுதான் என் காது உணர்ந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணினியும், வாத்திய ஒலிகளைப் பதிந்து வைத்து வாசிக்கும் சாம்பிளரும் ஊரெங்கும் எல்லாக் கூடங்களுக்கும் வந்த பிறகு, பெரிய குழுக்களுக்கு வேலை குறைந்தது. என் பக்கத்து நாற்காலியில் வாசித்தவர்கள் சிலர் டியூஷன் எடுக்கப் போனார்கள். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

மதுரையிலிருந்து, ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவர்:

ஐயா, நீங்கள் வாசித்தது எங்கள் ஊரில் எப்படிக் கேட்டது என்று நான் சொல்கிறேன்.

அப்போது பாட்டுப் பிரியர்கள் துண்டுச்சீட்டில் பாடல்களை எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடம், தொண்ணூறு நிமிட வெற்று கேசட்டுகளில் பதிந்து கொடுப்போம். ‘ரோஜா’ வந்தபோது அதுவரை இல்லாத ஒரு குறையைக் கேட்டேன். “ஒரிஜினலில் அடியில் ஒரு கனமான சத்தம் வருகிறது, நீங்கள் பதிந்ததில் அது இல்லையே அண்ணே” என்று பள்ளிக்கூடப் பையன்கள்கூடத் திரும்பி வந்தார்கள். பேஸ் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் காது கண்டுபிடித்துவிட்டது. கடை வாசலில் இருந்த என் ஸ்பீக்கர் பெட்டிகள் அந்தச் சத்தத்தில் அதிர்ந்து இரைந்தன; கடன் வாங்கிப் புதுப் பெட்டி போட்டேன். அதற்காக நான் வருந்தியதே இல்லை.

இன்னொன்று, கேசட்டின் உள் அட்டை. படப் பாட்டு என்றால் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர் இருக்கும். வாத்தியம் வாசித்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்? ரஹ்மானின் அட்டைகளில் புல்லாங்குழல் நவீன், பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ் என்று பெயர்கள் வரத் தொடங்கின. ஒலிப்பதிவுப் பொறியாளர் எச். ஸ்ரீதரின் பெயரை என் வாடிக்கையாளர்கள் அங்கேதான் கற்றார்கள். பொடி எழுத்தை வெயிலில் பிடித்துப் படித்துவிட்டு, நவீன் வாசித்த வேறு கேசட் இருக்கிறதா என்று கேட்ட ஒரு கல்லூரி மாணவர் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறார். வயலின்காரர்களின் பெயர்களும் வெளியே வர வேண்டும் என்று நான் ஆசைப்பட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஸ்ரீதர் 2008 டிசம்பரில் காலமானார். மூன்று மாதத்துக்குள் ஆஸ்கர் மேடையில் ரஹ்மான் “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, இதைப் பார்க்க ஸ்ரீதர் இல்லையே என்றுதான் நெஞ்சு அடைத்தது.

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து, அரசுப் பள்ளி ஆசிரியை:

இருவருக்கும் வணக்கம். என் அனுபவம் சிறியது. எங்கள் பள்ளியில் ஆர்மோனியம்கூடக் கிடையாது. 1993-இல் வந்த ‘திருடா திருடா’ படத்தில் ஷாகுல் ஹமீது பாடிய ‘ராசாத்தி’, வாத்தியமே இல்லாமல் மனிதக் குரல்களாலேயே கட்டப்பட்டது. வரிகளை விட்டுவிட்டு, பின்னால் வரும் குழுக்குரலை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். குரல் உடைந்ததால் வாயே திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்குக் கீழ்ஸ்தாயிப் பகுதியைக் கொடுத்தேன். அவன் நிறுத்தினால் மற்ற மூன்று குழுக்களும் தடுமாறின. அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் பாட்டு வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை.

வயலின் ஐயா, அந்தக் குரல்களையும் உங்கள் வயலினைப் போலத் தனித்தனியாகத்தான் பதிவு செய்தார்களா? உங்களோடு வேலை செய்த கோரஸ் பாடகர்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகள் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள்.