ஆலயக் கல்லறைத் தோட்டத்துப் போர் நினைவுச் சிலுவை: கழுவலாமா? யாரிடம் அனுமதி பெறுவது?

கேள்வி – டார்செட்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். இவ்வூர் ஆங்கிலிக்கன் ஆலயத்தின் பி.சி.சி.யில், அதாவது நம் ஊர்ச் சேகரக் கமிட்டிக்கு இணையான குழுவில், சென்ற ஆண்டு என்னையும் சேர்த்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். தோட்டத்து வாயிலருகே போர்ட்லாந்து கல்லில் செய்த போர் நினைவுச் சிலுவை ஒன்று நிற்கிறது. முதல் உலகப் போரில் மாண்ட பத்தொன்பது பேரின் பெயர்கள் அதன் பீடத்தில் உள்ளன. இரண்டாம் போரில் மாண்ட ஆறு பேரின் பெயர்களைப் பிற்பாடு கீழ்ப்படியில் வெட்டியிருக்கிறார்கள்.

வடக்குப் பக்கத்துப் பெயர்களைப் பகலில் வாசிக்கவே முடிவதில்லை. ஒரு மாலை இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து மூன்று முறை நிழலாக எழுந்து வந்தது. அதைப் பார்த்த பின் வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை.

நவம்பர் மாத நினைவு ஞாயிறுக்குள் சிலுவையை வெண்மையாக்கிவிட வேண்டும் என்று குழுவில் சிலர் பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுக்கப் பேசியிருக்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? அனுமதி யாரிடம் பெற வேண்டும்? செலவு ஆலயத்தைச் சேர்ந்ததா, ஊராட்சி மன்றத்தைச் சேர்ந்ததா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி – கல்தச்சன்

சகோதரி, அந்த வாடகை ஏற்பாட்டை இன்றே நிறுத்திவிடுங்கள். பழைய கட்டடங்களின் கல்வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நான் பார்த்த நினைவுச் சின்னங்களில் மழையும் பனியும் செய்த கேட்டைவிட, நல்ல எண்ணத்தோடு கழுவியவர்கள் செய்த கேடே அதிகம்.

போர்ட்லாந்து கல் ஒரு சுண்ணாம்புக் கல். லண்டன் ஒயிட்ஹாலில் நிற்கும் செனோடாஃப் என்னும் போர் நினைவுச் சின்னமும் அதே கல்தான். நூறாண்டு மழையில் அதன் மேற்பரப்பு மெல்லத் தேயும்போது, உள்ளே இருக்கும் சிப்பித் துண்டுகள் மட்டும் தேயாமல் துருத்திக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் உங்களுக்கே தெரியும். அந்த நிலையில் இருக்கும் கல்லின் மீது அழுத்த நீரைப் பாய்ச்சினால் அழுக்கோடு கல்லின் தோலும் போய்விடும், எழுத்தின் விளிம்பும் போய்விடும். பக்கத்துக் கவுண்டியில் ஒரு சிலுவையை இப்படிக் கழுவிய மறுநாள் போய்ப் பார்த்தேன். அடிப்படியில் மாவு போல வெள்ளைத் துகள் படிந்திருந்தது. அது அழுக்கல்ல, எழுத்துகள்தான்.

கம்பி பிரஷ், பிளீச், அமிலம் எதுவும் கூடாது. கல்லில் படர்ந்திருக்கும் மஞ்சள், சாம்பல் நிறத் திட்டுகள் பெரும்பாலும் லைக்கன்கள், அதாவது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரிகள். அவை மிக மெதுவாக வளர்பவை, கல்லை இறுகப் பற்றியிருப்பவை; சுரண்டினால் கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். எழுத்தை மறைக்காத இடத்தில் அவற்றைத் தொடவே வேண்டாம். பாசியும் பறவை எச்சமும் மட்டும் இருந்தால், அனுமதி பெற்ற பின் வெறும் தண்ணீரும் மிருதுவான நார் பிரஷும் போதும். கல் வெள்ளையாக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்; பெயர் வாசிக்கத் தெரிய வேண்டும், சிலுவை ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவே நம் வேலை. தேய்ந்த எழுத்தை மீண்டும் வெட்டவும் அவசரப்படாதீர்கள்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது படிகளின் இணைப்புகளை. யாராவது பழைய சுண்ணாம்புச் சாந்தை எடுத்துவிட்டு சிமெண்ட் பூசியிருந்தால், ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல்லின் ஊடாக வெளியேறி அதன் ஓரங்களை உதிர்க்கும். உள்ளே இரும்புக் கவ்விகள் இருந்தால் துருப்பிடித்து உப்பி, கல்லையே பிளந்துவிடும். பழுப்பு நிறக் கறையோடு மயிரிழை விரிசல் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். இன்னொன்று, நினைவு ஞாயிறன்று வைக்கும் பாப்பி மலர் வளையங்களை ஆண்டு முழுவதும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவற்றின் கம்பியும் சாயமும் கல்லில் இறங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மறுமொழி – முன்னாள் எழுத்தர்

ஓர் ஊராட்சி மன்றத்தில் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் அனுமதி, செலவு இரண்டைப் பற்றியும் சொல்கிறேன். "பாரிஷ்" என்ற ஒரே சொல் இரண்டு அமைப்புகளுக்கும் வழங்குவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது: பி.சி.சி. ஆலயத்துடையது, பாரிஷ் கவுன்சில் அரசு சார்ந்த ஊராட்சி மன்றம். சிலுவை ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நிற்பதால் அது திருச்சபைச் சட்டத்தின் கீழ் வருகிறது. சிறு பணிகளுக்கு, பிஷப்புக்கு அடுத்த நிலையில் நிர்வாகம் பார்க்கும் குருவான ஆர்ச்டீக்கனின் எழுத்து வழி இசைவு போதுமானதாக இருக்கக்கூடும். மற்றவற்றுக்குப் பேராயத்தின், அதாவது பிஷப்பின் ஆளுகைப் பகுதியின், நீதிபதியான சான்சலர் வழங்கும் "ஃபாக்கல்டி" என்னும் உத்தரவு வேண்டும். பேராயத்தின் ஆலோசனைக் குழுவுக்கு இப்போதே படங்களோடு எழுதினால், உங்கள் பணி எந்த வகையில் சேரும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சிலுவை தேசிய மரபுப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2014 முதல் 2018 வரையிலான நூற்றாண்டு நினைவுக் காலத்தில் ஏராளமான நினைவுச் சின்னங்களை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பு அந்தப் பட்டியலில் சேர்த்தது.

செலவைப் பொறுத்தவரை, இத்தகைய சிலுவைகளில் பெரும்பாலானவை ஊர் மக்கள் நன்கொடை திரட்டி நிறுவியவை; அந்தக் குழுக்கள் கலைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆகவே 'இது எங்களுடையதல்ல' என்று இரு தரப்பும் கை விரிப்பது வழக்கம். ஆனால் 1923-ஆம் ஆண்டின் போர் நினைவுச் சின்னங்கள் சட்டம், தனக்குச் சொந்தமில்லாத சின்னத்தின் பராமரிப்புக்கும் உள்ளாட்சி மன்றம் செலவிடலாம் என்று இடம் தருகிறது. அது கடமை அல்ல, அதிகாரம் மட்டுமே. எனவே சண்டையாக அல்லாமல் வேண்டுகோளாகக் கொண்டு செல்லுங்கள். 1997-இல் தொடங்கப்பட்ட வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் அறிவுரைகளையும் இணைத்தால் உங்கள் கடிதத்துக்கு வலுக் கூடும்.

ஒரே ஒரு இடத்தில் கல்தச்சன் ஐயாவோடு மாறுபடுகிறேன். மாண்டவர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவர 1915-லேயே தடை வந்துவிட்டது. அந்த மூன்று பெயர்களின் தாய்க்குக் கைக்கெட்டிய கல்லறை இந்தச் சிலுவை ஒன்றுதான். தேய்ந்த எழுத்தைத் தேய்ந்தபடியே காப்போம் என்பதைவிட, மீண்டும் வெட்டிவிடுவதே அவர்களுக்குச் செய்யும் நியாயம் என்று கருதுகிறேன்.

மறுமொழி – நந்தம்பாக்கம்

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அடிக்கடி செல்பவன் நான். அதைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. அங்குள்ள முதல் உலகப் போர் நினைவுச் சுவரில், இந்தியாவின் பல ஊர்களில் நிரந்தரமாகப் பராமரிக்க இயலாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. டார்செட் படைப்பிரிவின் 4-ஆவது பட்டாலியன் 1914 அக்டோபரில் இந்தியாவுக்குத்தான் கப்பலேறியது; உங்கள் சிலுவைப் பெயர்களை ஆணையத்தின் இணையப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தோட்டத்தில் படைச் சின்னம் பொறித்த போர்க் கல்லறைக் கற்கள் இருந்தால் அவற்றை ஆணையமே கவனித்துக்கொள்ளும். ஊர்ச் சிலுவைக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. அதனால்தான் உங்களைப் போன்ற ஒருவர் தேவைப்படுகிறார்.

மறுமொழி – கல்தச்சன்

முன்னாள் எழுத்தர் ஐயாவின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் மீண்டும் வெட்டும்போது ஒவ்வொரு முறையும் கல் சிறிது குறைகிறது, முதலில் வெட்டியவரின் கைவாகும் மறைகிறது. வடக்குப் பக்கம் மட்டும் உண்மையிலேயே அழியும் நிலையில் இருந்தால், பழைய வெட்டின் தடத்திலேயே செல்லத் தெரிந்த எழுத்து வெட்டுநரைக் கொண்டு அதை மட்டும் செய்யலாம். அதற்கு முன் எல்லாப் பெயர்களையும் டார்ச் வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துவிடுங்கள்.

மறுமொழி – டார்செட்வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரஷர் வாஷர் வேண்டாம் என்று நேற்றைய கூட்டத்தில் முடிவாகிவிட்டது. பேராயத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். கீழ்ப்படியில் சிமெண்ட் பூச்சு இருக்கிறது, அதன் ஓரம் கையோடு உதிர்கிறது. படத்தோடு அதையும் குறிப்பிட்டேன். சென்ற ஆண்டு மலர் வளையங்களை இன்று காலை எடுத்தபோது அடியில் சிவப்புச் சாயம் வட்டமாகப் படிந்திருந்தது. இன்றிரவு மழை இல்லையென்றால், என் மகள் விளக்கைப் பிடிக்க, வடக்குப் பக்கத்துப் பெயர்களைப் படமெடுக்கப் போகிறோம்.