ரோஜா இலையில் வட்ட வெட்டு, இலை ஓரத்தில் நீர்முத்து: இவை என்ன?

மொட்டு:
வசந்தம் தொடங்கி எல்லாம் துளிர்த்திருக்கிறது. ரோஜா இலை ஓரங்களில் கத்தரியால் நறுக்கினாற்போல் வட்ட வெட்டுகள். புழு எதுவும் கண்ணில் படவில்லை. தக்காளி, ஸ்ட்ராபெரி இலைகளின் பல்முனைகளில் மட்டும் விடியற்காலையில் நீர்த்துளிகள், இலை நடுவில் ஈரமே இல்லை. பனியா? ரோஜா மொக்கில் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) ஏறியிருக்கிறது, பக்கத்திலேயே ஆரஞ்சுப் புள்ளியோடு கறுப்பாக ஒரு சொரசொரப்பான புழு. மருந்து அடிக்கலாமா? கிட்டத்தில் பார்க்க எந்த லென்ஸ் நல்லது?

இலைநரம்பு:
வெட்டியது இலைவெட்டித் தேனீ. புழு கடித்தால் ஓரம் கோணல்மாணலாக இருக்கும், கீழே எச்சமும் கிடக்கும். இது தின்பதற்காக வெட்டுவதில்லை. கூட்டறையின் சுவருக்கு நீள்வட்டத் துண்டு, மூடிக்கு வட்டத் துண்டு. அறைக்கு ஒரு மகரந்த உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை. உள்ளே ஆழத்தில் பெண் முட்டைகள், வாசல் பக்கம் ஆண் முட்டைகள். ஆண்கள்தான் முதலில் வெளியே வரும். மகரந்தத்தைக் காலில் அல்ல, வயிற்றின் அடிப்பக்க மயிரில் சுமக்கும், அதை வைத்தே அடையாளம் காணலாம். நன்றாக வளர்ந்த செடிக்கு இந்த வெட்டால் பாதிப்பில்லை. இந்தத் தேனீ கூடுகட்ட, 6 முதல் 8 மி.மீ. துளையுள்ள மூங்கில் குச்சிகளை 15 செ.மீ. நீளத்தில், பின்முனை அடைத்து, காலை வெயில் படும்படி மழை படாத இடத்தில் கட்டி வையுங்கள். குச்சி காற்றில் ஆடினால் குடிவராது.

துளிகள் பனியல்ல, நீர்வடிதல். பனி காற்றிலிருந்து படிவது, இலை முழுக்க இருக்கும். இது வேரிலிருந்து வருவது. ஈரமண்ணில் இரவு முழுக்க வேர் நீரை ஏற்றுகிறது. இலைத்துளைகள் மூடியிருப்பதால் ஆவியாக வழியில்லை. வேரழுத்தம் நரம்பு முடியும் முனைகளில் உள்ள நீர்த்துளைகள் வழியாக அதை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

வேர்முடிச்சு:
அசுவினிக்கு மருந்து வேண்டாம், சோப்புக் கரைசல் போதும். அது யாருக்கும் கெடுதல் செய்யாது.

பொறிவண்டு:
செய்யும். சோப்பு பட்டால் மென்தோல் உள்ள பூச்சி எதுவும் சாகும். கேள்வியில் வரும் கறுப்புப் புழு பொறிவண்டின் இளம்பருவம். வண்டைவிட முதலை மாதிரிதான் இருக்கும், அதனாலேயே பலர் நசுக்கிவிடுகிறார்கள். எதையும் தெளிக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். நெட்டுக்குத்தாக ஒட்டிய மஞ்சள் முட்டைக் கொத்து பொறிவண்டுடையது. மெல்லிய நூல்காம்பின் நுனியில் நிற்கும் முட்டை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. காலில்லாமல் அட்டைபோல் நெளிவது சிர்ஃபிட் ஈயின் (பூக்களருகே அந்தரத்தில் நின்று பறக்கும் ஈ) புழு. அசுவினியை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து உறிஞ்சும். உப்பிப் பழுப்பாகி அசையாமல் இருக்கும் அசுவினிக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. முதுகில் வட்டத் துளை இருந்தால் குளவி கிளம்பிவிட்டது.

இவை இருந்தும் அசுவினி குறையவில்லையா? எறும்பைத் தேடுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பான தேன்துளிக்காக அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டைத் துரத்தும். தண்டில் ஒரு பட்டையைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். நேராகத் தண்டில் தடவினால் தண்டின் தோல் கெடும்.

கண்ணாடிவில்லை:
லென்ஸ்: 10 மடங்கு, 18 முதல் 21 மி.மீ. விட்டம். 20 மடங்கு வாங்காதீர்கள். பார்வைப்பரப்பு சுருங்கும், லேசான காற்றிலும் குவியம் போய்விடும். லென்ஸைக் கையை நீட்டிப் பிடிப்பதுதான் வழக்கமான தப்பு. கண்ணை ஒட்டி வையுங்கள், பிடித்த கையைக் கன்னத்தில் ஊன்றுங்கள், இலையை 2.5 செ.மீ. வரை கொண்டுவாருங்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். உங்கள் நிழல் இலையில் விழக்கூடாது.

மொட்டு:
நன்றி. துளி காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பொடி நிற்கிறதே, பூஞ்சையா?

இலைநரம்பு:
துளியோடு வந்த உப்பு. ஈர விரலால் துடைத்தால் போய்விடும். பூஞ்சையாக இருந்தால் முனையோடு நிற்காமல் இலைப்பரப்பில் திட்டுத்திட்டாகப் பரவியிருக்கும். பொடி கனமாகி முனை கருகினால் உரத்தைக் குறையுங்கள்.